ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம்

பேர்லினுக்குப் படிக்க வருகிற எங்கட பிள்ளைகளுக்கு முதல் மாதத்துக்குள்ளேயே ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். முதல் வந்த யாராவது வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள்: பொட்ஸ்டாம் அரண்மனை, ஸ்பிறீவால்ட் படகுச் சவாரி, சாக்சன்ஹவுசன் வதைமுகாம், டிரெஸ்டன், லைப்சிக், கோடையென்றால் போல்டிக் கடல். எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். அரண்மனைக்கும் வதைமுகாமுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இருக்காது. பக்கத்தில் எத்தனை மணித்தியாலம், எந்த ரயில் என்பது மட்டும்.

அந்தப் பட்டியலை நாங்கள் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அது எல்லாரிடமும் இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது, யாரோடு போவது, யார் போக ஏலாமல் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் போய் வந்ததில் எங்களுக்கு விளங்கியதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருவன் ஹற்றன். ஊரில் 'ட்ரிப்' போறது எண்டா வான் பிடிச்சு, பாட்டுப் போட்டு, சோத்துப் பார்சல் கட்டி, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு நுவரெலியா போறதுதான். எங்க போறது எண்டதை வானுக்குக் காசு குடுக்கிற ஆள் முடிவெடுக்கும். இங்கே வான் இல்லை. ரயில் இருக்கிறது, ஒவ்வொருவர் கையிலும் ரிக்கெற் இருக்கிறது. ஆகவே முடிவையும் நாங்களேதான் எடுக்க வேண்டும். வெள்ளி இரவு முழுக்க அந்தச் சண்டைதான்.

முதல் முடிவை ரிக்கெற்றே எடுத்துவிடும். 2022 கோடையில் மூன்று மாதத்துக்கு மட்டும் 9 யூரோ ரிக்கெற் என்று ஒன்றை விட்டார்கள். அந்த ருசியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு மாதாந்த டொய்ச்லாண்ட் ரிக்கெற் வந்தது. 2025 ஜனவரியில் அது 58 ஆகியது. மாணவர்களுக்கு அது செமஸ்டர் கட்டணத்தோடு இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. நாடு முழுக்க பஸ், ட்ராம், நகர ரயில், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ மாதிரியான வேக ரயிலில் மட்டும் ஏற ஏலாது. அதனால் வேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்தில் இருக்கிற டிரெஸ்டன், எங்களுக்கு மாறி ஏறி மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது. காசு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் தேசப்படம் ஒன்றில்லை.

அதனால் ஒரு விதி போட்டோம்: போக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. மார்கழியில் பேர்லினில் பின்னேரம் நாலு மணிக்கு முதலே பொழுது பட்டுவிடும். பத்து மணிக்கு வெளிக்கிட்டு மூன்று மணித்தியாலம் ரயிலில் இருந்தால், இறங்கிக் கோப்பி குடித்து முடிக்க இருட்டிவிடும். ஞாயிறென்றால் கடை பூட்டு. சின்ன ஊரில் ஒரு பணிசுகூட வாங்க முடியாமல் போகலாம். பாணும் சீனிச்சம்பலும் கட்டிக்கொண்டு போவது எங்கட வழக்கம். நாலு பேரும் சேர்ந்து பெட்டியைத் திறந்தால் ரயில் முழுக்க வெங்காயம் மணக்கும்.

இரண்டாவது விதியைப் பட்டியல் அனுப்புகிறவர்கள் எழுதுவதில்லை. பேர்லினைச் சுற்றி இருப்பது பிராண்டன்பேர்க் மாநிலம். 2024 செப்ரெம்பரில் நடந்த மாநிலத் தேர்தலில், குடியேறிகளுக்கு எதிரான ஏஎஃப்டி கட்சி 29 வீதத்துக்கு மேல் எடுத்து மயிரிழையில் இரண்டாமிடத்துக்கு வந்தது. வாக்குப் போட்ட எல்லாரும் எங்களைக் கண்டால் பாய்வார்கள் என்றில்லை. வழி தெரியாமல் நின்றபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு ஸ்ரேசன் மட்டும் நடந்து வந்த கிழவியும் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறா. ஆனாலும் மண்ணிறத் தோலோடு இரவு எட்டு மணிக்கு ஆளில்லாத மேடையில் அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் நிற்பது வேற அனுபவம். திரும்பி வாற ரயிலின் நேரத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். 2023 ஒக்ரோபரில் இருந்து போலந்து எல்லைப் பக்கம் பொலிஸ் சோதனையும் இருக்கிறது. பெட்டி நிறையச் சனம் இருந்தாலும் அடையாள அட்டை கேட்பது பெரும்பாலும் எங்களிடம்தான். ஹற்றன்காரன் வதிவிட அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே எங்களுக்குத் தமிழில் சொல்லுவான்: "எங்க தாத்தாகிட்ட எந்த நாட்டுப் பாஸ்போட்டும் இருக்கல. எனக்கு ரெண்டு அட்டை இருக்கு. முன்னேற்றம்தானே."

எல்லாருக்கும் முதல் பயணம் பொட்ஸ்டாம்தான். எஸ்-பானில் ஏறினால் இறங்குகிற இடம் பொட்ஸ்டாம். இரண்டாம் பிரெட்ரிக் 1745 தொடங்கி 1747 வரை கட்டுவித்த சன்சூசி அரண்மனை, அதற்குக் கீழே படிபடியாக முந்திரிகைத் தோட்டம். அரண்மனைக்கு அருகிலேயே அரசரின் கல்லறை. பக்கத்தில் அவருடைய நாய்களின் கல்லறைகள். தன்னை நாய்களுக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். அது நடந்தது 1991 ஓகஸ்டில்தான். உருளைக்கிழங்கைப் பயிரிடச் சொல்லிக் கட்டளை போட்டவர் என்பதால் சனம் கல்லறையில் பூவுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைக்கிறது. பூங்கா பெரிது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வெளிக்கிட்டால் கால்தான் மிஞ்சும்.

எங்களுக்கு அரண்மனையைவிடக் கிளீனிக்கர் பாலம் பிடித்தது. பேர்லினையும் பொட்ஸ்டாமையும் இணைக்கிற இரும்புப் பாலம். பனிப்போர்க் காலத்தில் இரண்டு பக்கமும் பிடிபட்ட உளவாளிகளை இதில் வைத்து மாற்றிக்கொண்டார்கள். 1962 பெப்ரவரியில் முதல் மாற்றம். கிழக்கு ஜேர்மனி அதற்கு வைத்த பெயர் 'ஒற்றுமைப் பாலம்'. சாதாரண சனம் அதில் நடக்க ஏலாது. 1989 நவம்பர் 10 அன்று, மதில் திறந்த அடுத்த நாள், பாலமும் திறந்தது. இன்று எங்கட ரிக்கெற்றில் 'சி' வலயம் என்று போட்டிருக்கிற அந்த வளையம் முழுக்க, மேற்கு பேர்லின்காரருக்குப் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த இடம். 1972க்குப் பிறகு விசா எடுத்துப் போய் வரலாம். 1980இல் இருந்து ஒரு நாளைக்கு 25 மார்க் கட்டாயம் மாற்ற வேண்டும். வான்சேயில் இருந்து பொட்ஸ்டாமுக்கு எஸ்-பான் திரும்ப ஓடியது 1992 ஏப்ரலில். ஒரானியன்பேர்க்குக்கு அதே வருடம் மே முடிவில். பேர்லினில் இருந்து ஒரு நாள் வெளியே போய் வருவது இவ்வளவு லேசானது அண்மையில்தான். அறுபது வயது தாண்டிய பேர்லின்காரர் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். எங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். ஏ9 திறந்த அன்று எங்கட வீடுகளில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தோம்.

பட்டியலில் எங்களை ஆகக் கூடுதலாகக் கதைக்க வைத்த இடம் ஸ்பிறீவால்ட். பேர்லினுக்குத் தெற்கே, ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஸ்பிறீ ஆறு நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து காட்டுக்குள்ளே ஓடுகிற இடம். தட்டையான மரப் படகில் ஏறியிருந்தால், பின்னால் ஒருவர் நீளக் கம்பால் ஊன்றித் தள்ளுவார். இயந்திரச் சத்தம் இல்லை. லேடே என்கிற ஊரில் கோடை காலத்தில் தபாலும் படகில்தான் வருகிறது. கரையெல்லாம் ஊறுகாய் வெள்ளரிக்காய்ப் பீப்பா: கடுகு போட்டது, உள்ளி போட்டது, சதகுப்பை போட்டது. 'குட் பாய் லெனின்' படத்தில் மகன் தாய்க்காக ஓடி ஓடித் தேடுகிறானே, அந்த வெள்ளரிக்காய்தான்.

ஆனால் நாங்கள் இறங்கின உடனே பார்த்தது ஸ்ரேசன் பெயர்ப்பலகையை. ல்யுப்பனாவ், கீழே லுப்ஞோவ். ஒரு பெயர் ஜேர்மன், மற்றது கீழ் சோர்பியம். சோர்பியர் இங்கே ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிற ஸ்லாவிய இனம். நாசிகள் காலத்தில் அவர்களின் அமைப்பைத் தடை செய்தார்கள், மொழியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து தூக்கினார்கள், ஊர்ப் பெயர்களை ஜேர்மனாக மாற்றினார்கள். இன்று தெருப் பலகையில் இரண்டு மொழி இருக்கிறது. கொட்புஸ் நகரத்தில் கீழ் சோர்பியம் படிப்பிக்கிற உயர்நிலைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1998இல் அந்த நகரத்தில்தான் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே பாலர் பாடசாலை தொடங்கினார்கள்.

எங்களில் ஒருத்தி பலகையைப் படம் எடுத்தாள். மற்றவன் கேட்டான், "எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கோ?" எல்லாரும் சிரித்தோம். இலங்கையில் அரச அலுவலகப் பலகைகளில் தமிழைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு விளங்கும். ஆனால் படகுக்காரர் சொன்னது சிரிப்பை நிறுத்தியது. தன் அம்மம்மா அந்த மொழியில் கதைத்தா, அம்மாவுக்கு விளங்கும், தனக்குப் பாட்டு மட்டும் தெரியும் என்றார். பலகை வந்து சேரும்போது பேச ஆள் குறைந்துவிட்டது. எங்களுக்கு ஆள் இருக்கிறது, பலகைக்காகத்தான் இன்னும் அலைகிறோம். எது முதல் வரவேண்டும் என்று திரும்பி வரும் வழி முழுக்க வாக்குவாதம். முடியவில்லை.

சாக்சன்ஹவுசனை எந்த நாளில் போவது என்பதில்தான் நாங்கள் நாலு பேரும் பிரிந்தோம். எஸ்1 ரயிலில் ஏறினால் கடைசித் தரிப்பிடம் ஒரானியன்பேர்க். அங்கிருந்து இருபது நிமிட நடை. வழியெல்லாம் வீடு, பூந்தோட்டம், சைக்கிளில் பிள்ளைகள். அதே ஊருக்குள்ளால்தான் கைதிகளையும் கொண்டுபோனார்கள். 1936இல் தொடங்கிய முகாம். 1945 வரை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அடைத்து வைத்தார்கள். உள்ளே நுழைவுக் கட்டணம் இல்லை.

மட்டக்களப்புக்காரி வர மறுத்தாள். "சனிக்கிழமை லீவில அங்க போறதுக்கு எனக்கு ஏலா. எங்கட ஊருல பாக்கவேண்டியதையே நாம இன்னும் பாத்து முடியல்ல" என்றாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. மூன்று பேர் போனோம். முக்கோண வடிவ மைதானம். ஒரே வாசலில் நின்று எல்லா இடத்தையும் குறிவைக்கக் கூடியதாக வரைந்திருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு பாதை, துண்டு துண்டாகக் கல், மணல், சல்லி. இராணுவச் சப்பாத்துகளின் அடி எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, கைதிகளை அந்தப் பாதையில் நாள் முழுக்க நடக்க விட்டார்கள். 1945இல் யுத்தம் முடிந்தபிறகு சோவியத் படையும் அதே இடத்தை முகாமாக வைத்திருந்தது. 1950 வரையில் அங்கே 12,000 பேரளவில் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அந்தக் கதைக்கும் அதே வளவுக்குள் ஒரு காட்சியகம் இருக்கிறது. ஒரு சாவைச் சொல்லி மற்றச் சாவை மறைக்கவில்லை.

யூதர்களை அடைத்து வைத்த 38ஆம் இலக்கக் கொட்டிலுக்கு முன்னால் கன நேரம் நின்றோம். 1992 செப்ரெம்பரில் நவ நாசிகள் அதற்கு நெருப்பு வைத்தார்கள். திருத்தியபோது கருகிய பகுதியை அப்படியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். நினைவிடத்தை எரித்ததும் நினைவின் ஒரு பகுதியாகிவிட்டது. 2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தபோது எங்களில் ஒருவன் அங்கே முதலாம் வருடம். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், சில நாட்களில் திரும்ப அடிக்கல் வைத்தார்கள். அந்த உடைந்த கல்லில் ஒரு துண்டையாவது வைத்திருந்திருக்கலாம் என்று அவன் சொன்னான். வேறொன்றும் கதைக்கவில்லை.

மட்டக்களப்புக்காரி நாலு மாதம் கழித்து, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தனியப் போய் வந்தாள். என்ன பார்த்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு முடிவெடுத்தோம்: அந்த இடத்தை வேறொன்றோடும் சேர்ப்பதில்லை. காலையில் முகாம், பின்னேரம் ஏரி என்று அடுக்குகிற பட்டியல்கள் இருக்கின்றன. நேரக் கணக்கில் அது சரி வரும்.

இவ்வளவு நேரமும் சொல்லாத ஒரு ஆள் இருக்கிறார். எங்களில் ஒருத்தியின் பெரியப்பா. மேற்கு ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் போன் எடுத்து "இண்டைக்கு எங்க பிள்ளையள் போறியள்?" என்று கேட்பார். இடத்தைச் சொன்னால், "எத்தினை கிலோமீற்றர்?" என்பார். ஏன் கிலோமீற்றர் கேட்கிறார் என்று எங்களுக்குக் கன நாளாக விளங்கவில்லை.

அவர் வந்தது 1985 தொடக்கத்தில். அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரெட்ரிக்ஸ்ட்ராசே ஸ்ரேசனால் எஸ்-பானில் மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். இரண்டு ஜேர்மனிக்கும் நடுவில் இருந்த எல்லையை எல்லை என்று மேற்கு ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1985 நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி இலங்கையர்களை விசா இல்லாமல் கடந்துபோக விடுவதை நிறுத்திவிட்டது. பெரியப்பா அதற்குக் கொஞ்சம் முதல் வந்து சேர்ந்தவர். பிறகு அவரைப் பங்கு பிரித்து மேற்கு ஜேர்மனியில் ஒரு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள்.

1982இன் தஞ்சச் சட்டப்படி, வழக்கு முடியும்வரை தஞ்சம் கேட்டவர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். 'றெசிடென்ஸ்ப்ளிஷ்ட்', வதிவிடக் கட்டாயம், என்று அதற்குப் பெயர். பெரியப்பாவின் மச்சான் இருந்தது 18 கிலோமீற்றர் தூரத்தில், அடுத்த மாவட்டத்தில். கடிதம் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சோறு சமைத்துச் சாப்பிட்டு, திரும்பி வருகையில் ஸ்ரேசனில் பிடிபட்டார். தண்டம் கட்ட வேறொருவரிடம் கடன் வாங்கினார். "ரெயிலுக்கு ரிக்கெற் எடுத்திருந்தனான். அதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்று இப்பவும் சொல்லுவார்.

எங்களுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. வன்னியில் இருந்து வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுத்த குடும்பங்கள் எங்கட குடும்பங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடியபிறகு, குடாநாட்டில் இருந்து கொழும்புக்குப் போக இராணுவத்திடம் அனுமதிக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். ஜேர்மனியிலும் ஒரு பாஸ் இருந்தது என்று மட்டும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாடு போன மாமா, சித்தப்பாமார் அனுப்பின படங்களில் பின்னால் எப்பவும் ஒரே கட்டடமும் ஒரே மரமும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2010இல் பேர்லினும் பிராண்டன்பேர்க்கும் தங்களுக்குள்ளே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. 2015 ஜனவரியில் இருந்து நாடு முழுக்கப் பொதுவாக முதல் மூன்று மாதத்துக்கு என்று சுருக்கினார்கள். ஆனால் முதல் வரவேற்பு முகாமில் தங்கவேண்டிய காலம் நீண்டால் கட்டுப்பாடும் நீளும். பிராண்டன்பேர்க்கின் அந்த முகாம் ஐசன்ஹ்யுட்டன்ஸ்டாட்டில் இருக்கிறது. அந்த ஊரும் ஒரு நாள் பயணப் பட்டியல்களில் உண்டு. 1950இல் உருக்காலைக்காக வெறுங்காட்டில் திட்டம் போட்டுக் கட்டின சோசலிச நகரம், 1961 வரை பெயர் ஸ்டாலின்ஸ்டாட். தூண் வைத்த தொழிலாளர் மாடிவீடுகள், சுவரில் பதித்த வண்ணக் கல் ஓவியங்கள். கட்டடக்கலை படிக்கிறவர்கள் கமராவோடு வருகிறார்கள். நாங்களும் போனோம், ஊர் உண்மையிலேயே வடிவு. திரும்பும்போது மேடையில் ஒரு அப்கான் பெடியன் எங்களிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டான், எங்கிருந்து வாறீங்கள் என்று. பேர்லினில் இருந்து, சும்மா பார்க்க வந்தோம் என்றோம். "சும்மா பாக்கவோ?" என்று திரும்பக் கேட்டான். நக்கலாக இல்லை. அவனுக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை. ரயில் வந்தது, நாங்கள் ஏறினோம், அவன் ஏறவில்லை.

போன வருடம் ஆனியில் பெரியப்பா ஓய்வு பெற்று முதல் தடவையாக எங்களிடம் வந்து ஒரு கிழமை நின்றார். எங்க போவம் எண்டு அவரையே கேட்டோம். பட்டியலைக் கையில் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார். அரண்மனை வேண்டாம் என்றார். "ஆகத் தூரம் எது?" என்று கேட்டார். கடைசியில் இருந்தது வார்னமுண்டே, போல்டிக் கரை. றொஸ்டொக் வரை பிராந்திய ரயில், பிறகு எஸ்-பான், எல்லாமாக மூன்று மணித்தியாலம். எங்கட ஒன்றரை மணித்தியால விதி அதில் உடைந்தது. அவர் ஜன்னலோரம் இருந்து ஒவ்வொரு மாவட்டப் பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பருத்தித்துறைக் கரையில் பிறந்த மனிசன். காற்சட்டையை மடித்துவிட்டுக் கடலுக்குள் இறங்கி, கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "உப்புக் காணாது" என்றார். உண்மைதான், போல்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. பிறகு அலைதடுப்புக் கல்லில் இருந்து எங்கட சீனிச்சம்பல் பாணைச் சாப்பிட்டார். அதில் மட்டும் உப்புச் சரி என்றார்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியலை நாங்களும் அனுப்புகிறோம். நேரம், ரயில் இலக்கத்தோடு இரண்டு வரி கூடச் சேர்த்திருக்கிறோம். கடைசி ரயிலை முதலில் பாருங்கள். உங்கட வகுப்பிலோ மாடிவீட்டிலோ தஞ்ச வழக்கு முடியாமல் இருக்கிற யாராவது இருந்தால், அவருக்கு எதுவரை போக அனுமதி என்று கேட்டுவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.